கால்பந்து, பேஸ்பால் செய்திகளைப் படித்துக் கருத்துச் சொல்வது எப்படி: ஒரு கடற்கரை ரசிகரின் வழிமுறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அடுத்தடுத்துக் கிடக்கும் எங்கள் கரையிலிருந்து ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போகும் விசைப்படகுகள் கரை திரும்ப 30 நாளும் ஆகலாம், 40 நாளும் ஆகலாம். என் அண்ணன் அத்தகைய ஒரு படகில் போய் வருகிறவர். தேங்காய்ப்பட்டணத்திலோ கொச்சியிலோ இறங்கி, வீட்டுக்கு வந்து, குளித்துச் சோறு உண்டு முடித்ததும் அவர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மக்கா, நான் இல்லாத நேரம் யாரு எங்க மாறினான், யாருக்கு அடிபட்டுது?" என்பதாகவே இருக்கும். ஒரு மாதச் செய்தியை ஒரே மாலையில் சொல்லி முடிக்கும் பொறுப்பு எனக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கால்பந்து எங்கள் மணலில் பிறந்தவர் எல்லாருக்கும் பொதுச் சொத்து. பேஸ்பாலோ கப்பல் வேலைக்குப் போன சித்தப்பா மகன் வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டது. தொடக்கத்தில் நான் கைப்பேசியில் கண்டதையெல்லாம் அண்ணனிடம் ஒப்பித்தேன். அடுத்த முறை அவர் திரும்பி வந்தபோது அவற்றில் பாதி நடக்காமலேயே போயிருந்தது. நடக்காத ஒன்றை நம்பி ஒரு மாதம் முழுவதும் கடலில் உடனிருப்பவர்களோடு வாதாடிக்கொண்டிருந்திருக்கிறாரே என்ற வருத்தத்தில்தான், செய்தியைப் படிப்பதற்கும் அதன்மேல் கருத்துச் சொல்வதற்கும் ஒரு முறையை வகுத்துக்கொண்டேன்.

எந்தச் செய்தியைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, இது கரையில் இறக்கிய மீனா, வலையில் கிடக்கும் மீனா, நீருக்கு மேல் துள்ளித் தெரியும் மீனா என்பதுதான். ஆட்டம் முடிந்து வந்த முடிவு கரையில் இறக்கிய மீன். கழகமும் வீரரும் பேசி ஒப்புக்கொண்டதாக வரும் செய்தி வலையில் கிடக்கும் மீன், வலை அறுந்துபோகலாம். 'ஆர்வம் காட்டுகிறது', 'விசாரித்து வருகிறது' என்று முடியும் செய்திகள் எல்லாம் துள்ளித் தெரியும் மீன். அவற்றுக்கு விலை பேசக்கூடாது.

2022 டிசம்பரில் பேஸ்பால் வீரர் கார்லோஸ் கொரேயாவுக்கு நேர்ந்தது இந்த வேறுபாட்டுக்குச் சிறந்த பாடம். சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியோடு 13 ஆண்டுகளுக்கு 35 கோடி டாலர் என்று பேசி முடிந்தது; மருத்துவப் பரிசோதனையில் எழுந்த ஐயத்தால் அது நின்றுபோனது. சில நாள்களில் நியூயார்க் மெட்ஸ் அணியோடு 12 ஆண்டுகளுக்கு 31 கோடியே 50 லட்சம் டாலர் என்று பேசினார்கள். அதுவும் அதே காரணத்தால் கைகூடவில்லை. 2023 ஜனவரியில் அவர் தம் பழைய அணியான மின்னசோட்டா ட்வின்ஸோடு 6 ஆண்டுகளுக்கு 20 கோடி டாலர் என்று கையெழுத்திட்டார். டிசம்பர் நடுவில் கடலுக்குப் போன ஒருவரிடம் முதல் செய்தியைச் சொல்லி அனுப்பியிருந்தால், அவர் திரும்பும்போது அணியும் தவறு, ஆண்டும் தவறு, தொகையும் தவறு. ஆகவே மருத்துவப் பரிசோதனை முடிந்து கழகமே அறிவிக்கும் வரை, 'பேச்சு நடக்கிறது' என்ற சொல்லைத் தாண்டி நான் எதையும் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு செய்தியில் இரண்டு தரப்பு இருந்தால் இரண்டு தரப்பும் பேசியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2025 ஜூலையில், ஸ்பெயினின் முன்னாள் வீரர் சாவி ஹெர்னாண்டஸ் இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் பதவிக்கு விண்ணப்பித்தார் என்றும், அவருக்குக் கொடுக்கப் பணமில்லாததால் விண்ணப்பம் விலக்கப்பட்டது என்றும் செய்தி பரவியது. சாயாக்கடையில் இருந்தவர்கள் பணமில்லாத கூட்டமைப்பைத் திட்டித் தீர்த்தார்கள். சாவி தரப்பிலிருந்து ஒரு சொல்லும் வந்திருக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பே, சாவி, ஸ்பெயினின் புகழ்பெற்ற பயிற்சியாளர் பெப் குவார்டியோலா ஆகியோர் பெயரில் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று அறிவித்தது. ஆகஸ்டு 1ஆம் தேதி காலித் ஜமீல் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். அலுவலகத்திலிருந்தே கசிந்த செய்தியானாலும் மறுதரப்பின் வாய்மொழி இல்லாவிட்டால் அது அரைச் செய்திதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்த நாள்களில் உறுதிப்படாத ஒரு வரி ஒரு வீட்டை என்ன பாடுபடுத்தும் என்று கண்ட கரை எங்களுடையது. விளையாட்டுச் செய்தி அத்தனை கனமானதன்று என்றாலும், உறுதிப்படுத்தாமல் சொல்லக்கூடாது என்ற பழக்கம் எனக்கு அந்த நாள்களில் வந்தது.

அடுத்து, மொழிபெயர்ப்பில் பொருள் மாறிவிடும் சொற்களைக் கவனியுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ளவர்கள் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் விளையாட்டுச் செய்தி படிக்கிறோம். ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் சறுக்குகிறது. ஒரு கழகம் தன் வீரரைச் சிறிது காலத்துக்கு வேறு கழகத்தில் ஆட அனுப்புவதைச் சிலர் 'கடன்' என்று எழுதுகிறார்கள். அது இரவல், பக்கத்து வீட்டு உரலைப் போல, காலம் முடிந்தால் சொந்தக்காரரிடம் திரும்பிவிடும். முடிவில் வாங்கியே ஆக வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கும் இரவலும் உண்டு; அது பெயரளவில் இரவல், உண்மையில் தவணை முறையில் விற்பனை. பேஸ்பாலில் 'ட்ரேட்' என்று வருவதை 'விற்றுவிட்டார்கள்' என்று மொழிபெயர்ப்பது தவறு. அங்கே பெரும்பாலும் ஆளுக்கு ஆள் கொடுத்து மாற்றிக்கொள்கிறார்கள், ஒரு வகைப் பண்டமாற்று. 2020 பிப்ரவரியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி மூக்கி பெட்ஸை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்தபோது, அலெக்ஸ் வெர்டுகோவையும் இரண்டு இளம் வீரர்களையும் பெற்றுக்கொண்டது. இத்தகைய மாற்றத்தில் யாருக்கு ஆதாயம் என்று அன்றைக்கே சொல்ல இயலாது, ஏனெனில் பெற்ற இளைஞர்கள் வளர்ந்து வரப் பல ஆண்டுகள் ஆகும். பெட்ஸ் போன இடத்தில் 2020, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகத் தொடர் என்னும் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் பட்டம் வென்றுவிட்டார் என்பதால், பாஸ்டன் செய்தது பெரும் பிழை என்று இன்று நான் தயங்காமல் சொல்வேன்.

பணத்தைப் பற்றிய செய்திகளுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ரசிகர்கள் அதிகம் ஏமாறுவதும், அதிகம் கோபப்படுவதும் அங்கேதான். தலைப்பில் இருக்கும் தொகையை ஒருபோதும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தொகை எத்தனை ஆண்டுகளுக்கு, எப்போது கைக்கு வருகிறது, எவ்வளவு உறுதியானது, கணக்கில் எப்படி எழுதப்படுகிறது என்று தேடிப் படியுங்கள். 2023 டிசம்பரில், பந்து வீசவும் மட்டை பிடிக்கவும் வல்ல பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓட்டானி டாட்ஜர்ஸ் அணியோடு 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் என்று ஒப்பந்தம் செய்தார். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் அவர் வாங்குவது ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்தான். மீதி 68 கோடியும் 2034 முதல் 2043 வரை வட்டியில்லாமல் கொடுக்கப்படும். இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊரில் யாருக்கும் பொருளியல் பாடம் வேண்டியதில்லை. ஏலச்சீட்டில் முதல் மாதமே பணத்தை எடுப்பவர் தள்ளிக் கொடுத்து எடுக்கிறார், கடைசி மாதம் வரை காத்திருப்பவர் முழுத் தொகையையும் பெறுகிறார். இன்று கைக்கு வரும் பணமும் பத்தாண்டு கழித்து வரும் பணமும் ஒரே மதிப்புடையவை அல்ல என்பதால்தான் அந்தத் தள்ளுபடியே இருக்கிறது. அதே கணக்கைப் போட்டுத்தான், அணிகள் வரம்பு மீறிச் செலவழித்தால் கட்ட வேண்டிய வரிக்காக, ஓட்டானியின் சம்பளத்தை ஆண்டுக்கு 7 கோடி என்று எடுக்காமல் ஏறத்தாழ 4 கோடியே 60 லட்சம் டாலர் என்று எடுக்கிறார்கள். 2024 டிசம்பரில் இன்னொரு பேஸ்பால் வீரர் ஹுவான் சோட்டோ மெட்ஸ் அணியோடு 15 ஆண்டுகளுக்கு 76 கோடியே 50 லட்சம் டாலர் என்று கையெழுத்திட்டார். அதில் தள்ளிவைத்த தொகை எதுவும் இல்லை. தலைப்பில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 6 கோடியே 50 லட்சம்தான் என்று தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் வேறுபாடு அதைவிடப் பல மடங்கு.

ஓட்டானியின் ஒப்பந்தம் விதிகளுக்கு உட்பட்டதே. ஆயினும், இன்றைய வீரரின் சம்பளத்தை நாளைய ஆண்டுகளின் தலையில் ஏற்றி, மிச்சமாகும் இடத்தில் இன்னும் நட்சத்திரங்களைச் சேர்த்துக்கொள்ளும் வழி பணக்கார அணிகளுக்கே கைகொடுக்கும் என்பதால், தள்ளிவைக்கும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அண்ணன் இதை ஒத்துக்கொள்வதில்லை. தன் பணத்தை எப்போது வாங்குவது என்று முடிவு செய்ய உழைத்தவருக்கு உரிமை உண்டு என்கிறார்.

கால்பந்தில் கணக்கு வேறு. அங்கே கழகம் கழகத்துக்குக் கொடுக்கும் மாற்றுத் தொகை ஒன்று, வீரருக்குக் கொடுக்கும் சம்பளம் ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. செய்தித் தலைப்பு பெரும்பாலும் முதலாவதை மட்டுமே சொல்லும். 2017இல் நெய்மாருக்காகப் பாரிஸ் கழகம் கொடுத்த 22 கோடியே 20 லட்சம் யூரோ, பார்சிலோனா கேட்ட விலையன்று. ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்த விடுவிப்புத் தொகை. அதைக் கட்டிவிட்டால் பார்சிலோனாவால் தடுக்க இயலாது. 2023 தொடக்கத்தில் செல்சி கழகம் என்சோ பெர்னாண்டஸை 10 கோடியே 68 லட்சம் பவுண்டுக்கு வாங்கி எட்டரை ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தபோது, ஏன் இத்தனை நீண்ட காலம் என்று பலர் வியந்தார்கள். கணக்கேட்டில் அந்தத் தொகையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து எழுதலாம் என்பதே காரணம். எட்டரையால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 26 லட்சம் பவுண்டு, ஐந்தால் வகுத்தால் 2 கோடியே 14 லட்சம். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் 2023 கோடையில் இந்த வகுத்தலை ஐந்து ஆண்டுகளுக்குள் அடக்கியது, பிரீமியர் லீக் கழகங்களும் அந்த டிசம்பரில் அதையே ஏற்றன. இந்த விதி மாறியது தெரியாமல் இன்றைய எட்டாண்டு ஒப்பந்தத்தை அன்றைய ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

அமெரிக்கக் கால்பந்து பற்றி ஒரு சொல். தலைக்கவசம் அணிந்து கையால் எறிந்து ஆடும் அந்த ஆட்டத்தில், ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை விட்டுவிட்டு உறுதி செய்யப்பட்ட தொகை எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். பேஸ்பாலில் பெரிய ஒப்பந்தங்கள் பொதுவாக முழுவதும் உறுதியானவை. அங்கே அப்படி இல்லை. அதனால்தான் 2022இல் டிஷான் வாட்சனுக்கு 5 ஆண்டுகளுக்கு 23 கோடி டாலரும் உறுதி செய்யப்பட்டது என்பதே ஒரு பெரிய செய்தியாக இருந்தது.

இனி ஆட்ட முடிவுகள். ஓர் ஆட்டத்தின் எடை, ஒரு பருவத்தில் எத்தனை ஆட்டங்கள் என்பதைப் பொறுத்தது. பேஸ்பால் அணி ஒன்று 162 ஆட்டங்கள் ஆடுகிறது. பிரீமியர் லீக் கழகம் 38 ஆடுகிறது. அமெரிக்கக் கால்பந்து அணி 17தான். ஆகவே ஒரு கால்பந்து ஆட்டம் நான்கு பேஸ்பால் ஆட்டத்துக்குச் சற்றே மேல். ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்பதரை பேஸ்பால் ஆட்டத்துக்குச் சமம். 2024இல் டாட்ஜர்ஸ் 64 ஆட்டங்களில் தோற்றுத்தான் உலகத் தொடரை வென்றது. 2001இல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டங்களில் வென்றும் உலகத் தொடருக்குள்ளேயே நுழையவில்லை. பேஸ்பாலில் மூன்று நாள் தொடர்ந்து தோற்ற அணியைப் பற்றி 'சரிவு' என்று எழுதப்பட்டிருந்தால் அதைப் படிக்காமல் கடந்து போகலாம். பத்து ஆட்டங்களுக்கு ஒருமுறை வெற்றி தோல்வியை எண்ணினால் போதும். கால்பந்தில் ஐந்து ஆட்டங்களுக்கு ஒருமுறை. அப்போதும் முடிவுரை எழுதக்கூடாது: 2022–23 பருவத்தில் ஆர்சனல் 248 நாள்கள் புள்ளிப் பட்டியலின் தலையில் இருந்துவிட்டு இரண்டாம் இடத்தில் முடித்தது.

இந்த விதியை நானே மீறிய நாள் 2022 நவம்பர் 22. உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் அர்ஜென்டினா சவூதி அரேபியாவிடம் 1–2 என்று தோற்றது. கரை முழுவதும் வெள்ளையும் நீலமும் கட்டியிருந்த நேரம் அது. அன்றிரவு என் குறிப்பேட்டில், இந்த அணியின் தடுப்பு வரிசைக்கு வேகம் இல்லை, இரண்டாம் சுற்றைத் தாண்டாது என்று எழுதினேன். டிசம்பர் 18ஆம் தேதி இறுதியாட்டத்தில் 3–3 என்று சமநிலையான பிறகு பெனால்டியில் 4–2 என்று பிரான்ஸை வென்று அவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. ஒரே ஆட்டத்தை வைத்து எழுதினேன் என்பதோடு, சவூதியின் கோல்களுக்கு முன்பே அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று நீக்கப்பட்டிருந்ததை எடைபோடவே இல்லை என்பதும் பிறகுதான் உறைத்தது. மயிரிழையில் நடந்ததையும் மலையளவில் நடந்ததையும் ஒன்றாகக் கருதிவிட்டேன்.

காயச் செய்திகளைப் படிக்கும்போது, திரும்பி வரும் காலத்தை மட்டும் குறித்துக்கொண்டு தீர்ப்பைத் தள்ளிவையுங்கள். ஓட்டானிக்கு 2023 செப்டம்பரில் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. 2024 முழுவதும் அவர் மட்டையை மட்டும் பிடித்து 54 ஹோம்ரன் (பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்து, 59 முறை மட்டையாளர் பந்தை அடிக்கும் முன்பே ஓடி அடுத்த தளத்தைக் கவர்ந்தார். மீண்டும் பந்து வீசியது 2025 ஜூனில். எங்கள் இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2019–20 பருவத்தில் பட்டம் வென்ற கொல்கத்தாவின் ஏடிகே அணியில் ஆடினார். அடுத்த பருவத்தின் தொடக்க ஆட்டத்தில், 2020 நவம்பர் 20ஆம் தேதி, முழங்காலில் காயப்பட்டு வெளியேறினார். அந்தப் பருவமே போயிற்று. அன்றிரவு எங்கள் கரையில் பல வீடுகளில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார்கள். அடிபட்டவரைப் பற்றி 'தேறமாட்டார்', 'முடிந்தது' என்று எழுதுகிறவர்கள், அந்த முழங்காலுக்கு உரியவரின் தாய் அதைப் படிக்கக்கூடும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். உலகில் எந்த வீரரானாலும் அவருக்கும் ஒரு துறை, ஒரு தெரு இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, இயன்றால் ஆட்டத்தைப் பார்த்துவிட்டே பேசுங்கள். இங்கிலாந்தில் மாலை 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் நள்ளிரவைத் தாண்டி 12.30 அல்லது 1.30. நியூயார்க்கில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் பேஸ்பால் ஆட்டம் பருவத்தின் பெரும்பகுதியில் நமக்கு விடியற்காலை 4.30, லாஸ் ஏஞ்சலிஸ் ஆட்டமானால் காலை 7.30. காலைக் கடலுக்குப் போகிறவர்கள் எழும் நேரத்தில் நானும் எழுந்து இரண்டு, மூன்று இன்னிங்ஸ் பார்த்துவிட்டு வேலைக்குப் புறப்படுகிறேன். முழுவதும் பார்க்க நேரமில்லாதவர்கள் கோல்களின் தொகுப்பை மட்டும் பார்த்துவிட்டு நடுக்கள வீரரைக் குறை சொல்லக்கூடாது. அந்தத் தொகுப்பில் அவர் செய்த வேலை வெட்டப்பட்டிருக்கும்.

தொலைவில் உள்ள கழகங்களைப் பற்றி இவ்வளவு கவனமாகப் படிக்கிற நாம், நம் பிள்ளைகளின் பிழைப்பைத் தொடும் செய்தியைத் தலைப்போடு விட்டுவிடக்கூடாது. இந்திய சூப்பர் லீக் நடத்தப்படுவதற்கு அடிப்படையான வணிக உரிமை 2010இல் 15 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டது. அது 2025 டிசம்பரில் முடியவிருந்ததால், அதற்கு அப்பால் என்ன என்பது தெளிவாகவில்லை என்று சொல்லி, அந்த ஜூலையில் அடுத்த பருவத்தை நிறுத்திவைத்தார்கள். சில கழகங்கள் முதல் அணியின் பணிகளையும் சம்பளத்தையும் நிறுத்தின. ஒரு ஒப்பந்தம் முடியும் தேதி 15 ஆண்டுகளாகத் தெரிந்த ஒன்று. அதைப் பற்றிக் கடைசி ஆண்டு வரை பேசி முடிக்காமல் விட்டது பெருந்தவறு என்பதும், கழகம் மூடினாலும் வீரருக்குச் சம்பளம் நிற்காதபடி பொது நிதி ஒன்று வேண்டும் என்பதும் என் கருத்து. எங்கள் மணலில் மாலைதோறும் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பையன்களுக்கு, சாவியின் மின்னஞ்சலைவிட இந்தச் செய்திதான் முக்கியம். சாயாக்கடையில் இதைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

கடைசியாகக் குறிப்பேடு. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு போதும். இடப் பக்கத்தில் தேதியோடு செய்தியும் அதன் வகையும், அதாவது கரையா, வலையா, துள்ளலா என்பதும். வலப் பக்கத்தில் என் கருத்தும் அதற்கான காரணமும். காரணம் எழுத வராவிட்டால் கருத்தை எழுதுவதில்லை. மாதம் முடிந்து அண்ணன் வந்ததும், வாசலில் பாயை விரித்து, முதலில் போன மாதத்துப் பக்கங்களைத் திறந்து, பொய்த்துப் போனவற்றின்மேல் அவர் முன்னிலையில் சிவப்பு மையால் கோடு போடுகிறேன். அதன் பிறகே இந்த மாதத்துச் செய்திகளை, கரையில் இறக்கியவற்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறேன்.